பின்வேலிக் கடப்பு

மருதமுனையில் கைத்தறி நெய்யும் கச்சிமுகம்மதுவின் மகள் ஸம்ஸியாவுக்குத் தனியாக இருக்கத் தெரியாது. தறியில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒருத்தி கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருத்தி, பின்வீட்டு உம்மு. இரண்டு பேரும் சேர்ந்து ஓதி, சேர்ந்து நெய்து, சேர்ந்தே ஏச்சும் வாங்கி வளர்ந்தவர்கள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு புதுக் காய்ச்சல் வந்தது. புடைவை விற்கக் கொழும்புக்குப் போன அவளுடைய வாப்பா கச்சிமுகம்மதுதான் அந்தத் தெருவில் முதலில் படுத்தார். ஊர் அதிகாரி விதானையார் வந்து வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினார்.

"பதினைஞ்சு நாளைக்கு ஒருத்தரும் தெருவில இறங்கப்படாது."

அவர் ஆண்பிள்ளை. அவருக்குத் தெரிந்த வழி தெரு ஒன்றுதான். அந்த ஊர்ப் பெண்கள் தெருவில் இறங்குவதே அபூர்வம். வீட்டுக்கு வீடு பின்வேலியில் ஆள் நுழையக் கடப்பு விட்டிருப்பார்கள். உப்புக்கும் புளிக்கும் ஊர்வம்புக்கும் அதுதான் பாதை. அதற்கும் ஒரு கயிறு வேண்டும் என்று அவருக்கு எங்கே தோன்றப்போகிறது?

உம்முவுக்குக் கலியாணம் நெருங்கியிருந்தது. மருதோன்றி போடுவது நான்தான் என்று ஸம்ஸியா எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். பத்து நாள் வாப்பாவின் இருமலோடு அடைந்து கிடந்தாள். வேலிக்கு அப்பால் கலியாணமாகாத குமருகள் கூடிச் சிரிக்கும்போது, தன்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று அழுகை வந்தது. பதினேழு வயதில் அது சின்னத் தண்டனையா?

பதினோராம் நாள் காலையிலிருந்து தொண்டை கரகரத்தது. பெற்ற உம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடப்பால் நுழைந்துவிட்டாள். தெருவில் கால் வைக்கவில்லைதானே என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

மணப்பெண் என்று அறைக்குள் இருத்தி வைத்திருந்த உம்மு அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ வரமாட்டாய் எண்டு நினைச்சன்கா." ஸம்ஸியா ஒரு மணித்தியாலம் அந்தக் கைகளை மடியில் வைத்து மருதோன்றி போட்டாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

அதிலிருந்து நாலாம் நாள் கலியாணம். சோறு ஆக்கியாயிற்று, மாப்பிள்ளை வந்தாயிற்று, கலியாணப் பதிவுக் காவின் எழுதியாயிற்று. பெண் மட்டும் காய்ச்சலில் கண் திறக்கவில்லை. பெண்கள் குரவை போட்டபோது அது யாருடைய கலியாணம் என்றே அவளுக்குத் தெரியாது. ஸம்ஸியாவும் தன் வீட்டில் காய்ச்சலோடு படுத்துக்கிடந்து அந்தக் குரவையைக் கேட்டாள்; காதைப் பொத்திக்கொண்டாள்.

கயிறு கட்டிய வீட்டை யாரும் சந்தேகிக்கவில்லை. பக்கத்து ஊர் பெரியநீலாவணையிலிருந்து மீன் கொண்டுவரும் குஞ்சம்மாவின் மேல் பழி விழுந்தது. இனி இந்தப் பக்கம் வராதே என்று பெண்கள் அவளை விரட்டினார்கள். உம்மு உடம்பு தேறியதும் ஸம்ஸியாவின் காதுக்குள் சொன்னாள்: "நீ வந்த கதைய நான் ஆருக்கும் சொல்லல்லகா." சிநேகிதியைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவளுக்கு. ஸம்ஸியாவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து, குஞ்சம்மா வெறுங்கையோடு ஸம்ஸியாவின் வாசலில் வந்து நின்றாள்.

"உம்முப் புள்ள சுகமா இரிக்காவா? எண்ட வீட்டிலயும் அப்ப காய்ச்சல்தான் புள்ள. மீனோட நான்தான் அதையும் காவிட்டு வந்திட்டன். ஒரு குமரு அவட கலியாணத்தையே பாக்காமப் பண்ணிட்டனே. நினைச்சா நித்திர வருகுதில்ல."

ஸம்ஸியா சொல்லிவிட்டாள்: "நீங்க இல்ல குஞ்சம்மாக்கா. நான்தான். தொண்டை வருத்தத்தோட கடப்பால போய் அவட கையப் புடிச்சிக்கிட்டு இருந்தன்."

குஞ்சம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பதினைஞ்சு நாளும் கயித்துக்குள்ள கிடந்த புள்ள நீங்க. ஊருக்கே தெரியும். என்னைத் தேத்துறதுக்காக உங்கட தலையில போட்டுக்கிறீங்க. நல்ல மனசு புள்ள உங்களுக்கு."

திரும்பி நடந்தாள். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். உம்முவைச் சாட்சிக்கு அழைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கடைசிச் சொல் கேட்க இதமாக இருந்தது. ஸம்ஸியா வாயை மூடிக்கொண்டாள்.