மீனுக்கும் ஏகாதசி

கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்த புதிதில், அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள பீரோவில் பாதிதான் இருந்தது. மற்ற எல்லாப் பொருளும் நான் வருவதற்கு முன்பே தத்தம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதனால்தானோ என்னவோ, அடையாறில் ஒரு வண்ணமீன் கடையில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கடல்மீன் ஜோடியைப் பார்த்ததும் ஒற்றைக்காலில் நின்றேன். "சாதாரணத் தங்கமீன் போறாதா?" என்றார் கணவர். போறாது என்றேன்.

தொட்டியை வைக்க ஹாலில் ஒரே ஒரு சுவர்தான் தோதாக இருந்தது. அது கொலுப்படி கட்டும் சுவர். மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார். "கொலு வரச்சே பளிச்சுனு இருந்தா படிக்குப் பக்கத்துலயே இருந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா கடைக்கே திருப்பிக் குடுத்துடு. நாலு பேர் வந்து போற இடம்டிம்மா."

அவர் சொன்னால் சொன்னதுதான். பஞ்சாங்கம் பார்க்காமலே இன்று என்ன திதி, எத்தனை மணி வரை என்று சொல்வார். அக்கம்பக்கத்து வீடுகளில் விரதம், தர்ப்பணம் எதுவானாலும் இவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

கடல் தண்ணீருக்கு பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஒரு அம்மாவிடம் சொல்லி வைத்தேன். அவள் புருஷன் கட்டுமரத்தில் போகும்போது கேனில் மொண்டு வருவார், கரையோரத் தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்பதால். விஷயம் தெரிந்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாம்மா இது! எங்களுக்கு மீனு சோறு போடுது, நீ மீனுக்கு சோறு போட்டுக்கினு கீறியே!"

கொஞ்ச நாள் எல்லாம் சொர்க்கம். பிறகு மணலில் காப்பி டிகாக்‌ஷன் சிந்தியது போல ஒரு பழுப்பு. புதுத் தொட்டி என்றால் அப்படித்தான், தானே போய்விடும் என்றார் கடைக்காரர். போனது. அது போன இடத்தில் பச்சை வந்தது. முதலில் கண்ணாடியில் பூச்சாக, அப்புறம் கல்லில் முடி முடியாக. பழைய டூத் பிரஷால் தேய்த்தேன், பிளேடால் சுரண்டினேன், மிதந்ததை டீ வடிகட்டியால் அள்ளினேன். ஜன்னல் வெயில் படாமல் புடவையை மடித்துத் திரை கட்டினேன். சனிக்கிழமை அள்ளிக் கொட்டினால் செவ்வாய்க்கிழமை மறுபடி அங்கேயே உட்கார்ந்திருக்கும், வாடகை கொடுத்துக் குடியிருக்கிற தோரணையில்.

"கோயில் குளம் எவ்வளவோ தேவலை" என்றார் கணவர். மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "உள்ளே மீன் இருக்குங்கறது ஒரு நம்பிக்கைதான், இல்லையா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி கடைக்காரரிடம் போனேன். சாப்பாட்டைக் குறையுங்கள் என்றார். நான் காலையில் ஒரு சிட்டிகைதான் போடுகிறேன், இதற்குமேல் எப்படிக் குறைப்பது என்று அவரிடம் சண்டை பிடித்துவிட்டு வந்தேன்.

ஆவணியில் எனக்கு நல்ல ஜலதோஷம். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஹாலில் பாயைப் போட்டுப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

கணவர் செருப்பை மாட்டுவதற்கு முன் தொட்டியருகே போய், மீன் தீனி இருக்கும் பெருங்காய டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டார். பூஜையை முடித்து வந்த மாமனார் ஒரு சிட்டிகை போட்டார். மாமியார் காக்காய்க்குச் சாதம் வைத்துவிட்டு வந்து, கையை அலம்பிக்கொண்டு, தாராளமாகவே போட்டார். உறை மோர் வாங்க வந்த மாடி வீட்டு மாமி, "சாப்பிட்டியாடி கண்ணு?" என்று மீனைக் கேட்டு, பதில் வராததால் அவரும் போட்டார். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. எழுந்து கத்தத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. தும்மல்தான் வந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன். "இந்தாத்துல யார் யார் மீனுக்குப் போடறேள்?"

கணவர் ரசத்தைக் கவனித்தார். மாமனார் உத்தரத்தைப் பார்த்தார். மாமியார்தான் வாயைத் திறந்தார். "நாம சாப்பிடறச்சே அது இங்கேயே பார்த்துண்டு நிக்கறதே. வாயில்லா ஜீவன். அதுக்குப் போடாம எனக்கு எப்படிடி தொண்டையில இறங்கும்?"

என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. அது தின்னாமல் விட்டதெல்லாம் அடியில் அழுகி உரமாகிறது, அந்த உரத்தைத்தான் பாசி தின்கிறது, நாம் எல்லோருமாகச் சேர்ந்து பாசிக்குத்தான் சாதம் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று விளக்கினேன். மாமியார் மோர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஒரு வேளை பட்டினி போட்டா தாங்குமோ?"

"நாலு நாள்கூடத் தாங்கும்மா."

"அப்படின்னா என்னோட ஏகாதசி இருக்கட்டும். மத்த நாள்ல நான் ஒருத்திதான் போடுவேன். வேற யாரும் கையை வெக்கப்படாது."

டப்பா அன்றைக்கே அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துக்குக் குடிபோனது. அதில் இருப்பது காய்ந்த இறால் தூள் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மூடியைத் திறக்கும்போது மூக்கை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஏகாதசியன்று தொட்டிமுன் நின்று, "எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை, சரியாப் போச்சு" என்று அதுகளிடம் கணக்குத் தீர்ப்பார். நான் சனிக்கிழமைதோறும் பிரஷும் வடிகட்டியுமாக உட்கார்ந்தேன். பச்சை முடி மெல்ல வெளுத்து, கையோடு வர ஆரம்பித்தது. கொலுவுக்கு முந்தின வாரம் முன்பக்கக் கண்ணாடி நிஜமாகவே பளிச்சென்று இருந்தது. பின்பக்கத்துக் கல்லில் மட்டும் ஒரு கொத்து போக மாட்டேன் என்றது. "கொலுவுல பார்க் வைக்கக் கேழ்வரகு முளைக்கப் போடறோமே, அது இங்கே தானா முளைச்சிருக்கு, விடு" என்றார் மாமனார்.

 படி கட்டும்போது மாமியார் என் கணவரைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு சாண் இந்தண்டை தள்ளு. தொட்டி மறையறது" என்றார். நான் சமையலறைக்குப் போய், காரியம் இருப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கொலு பார்க்க வந்தவர்கள் பொம்மைகளைவிட மீன்களைத்தான் அதிகம் பார்த்தார்கள். ஒரு நாள் மாலை வந்த மாமி ஒருவர் பாடி முடித்து, வெற்றிலைபாக்கு வாங்கிக்கொண்டு, தொட்டியருகே போனார். கையில் சுண்டல். "ஐயோ, பார்த்துண்டே இருக்கே பாவம்" என்று ஒரு கடலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினார். வந்தவரை எப்படித் தடுப்பது என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

"போடாதேங்கோ!" என்றது மாமியாரின் குரல். "எங்காத்து நாட்டுப்பொண்ணு கஷ்டப்பட்டு வளர்க்கறா. அதுகளுக்கு இன்னிக்கு ஏகாதசி."

ஹால் நிறைய மாமிகள். நவராத்திரி ஒன்பது நாளில் ஏகாதசி வராது என்று தெரியாதவர் அதில் ஒருவர்கூட இல்லை. அன்று சப்தமி. காலையில் மாமியாரேதான் எனக்குச் சொல்லியிருந்தார்.

மாமி நீட்டிய கையை மடக்கி, கடலையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மாமியார் முகம் மாறாமல் அடுத்தவருக்குக் குங்குமம் நீட்டினார்.