சாரல் நேரத்தில் ஒரு ஹெட் கேஸ்கட்

செல்வியின் டாக்ஸி இலஞ்சி விலக்கில் நின்றபோது பானெட்டுக்குள்ளிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஒரு குடும்பம். அவர்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். அடுத்த வீட்டுக்காரி. நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதனால் எங்கள் தெருவில் யார் வண்டி இருமினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கயிறு கட்டி என் வீட்டு ஷெட்டுக்கு இழுத்து வந்தோம். சூடு ஆறியதும் ஆயில் மூடியைத் திறந்தேன். அடியில் பால் டீ நிறத்தில் நுரை. ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழி, சைலன்சரில் வெள்ளைப் புகை. சந்தேகமே இல்லை, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. இன்ஜினின் அடிப்பாகம் பிளாக், அதன் மேல் மூடி ஹெட். இரண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கட். அது எரிந்தால் தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிவிடும்.

"சார், ஞாயித்துக்கெழம மதுரைக்காரங்க வாராங்க. வருசா வருசம் சீசனுக்கு என் வண்டிதான். இந்தத் தடவ விட்டுட்டா வேற ஆளப் பாத்துக்கிடுவாங்க. ஒர்க்ஷாப்ல விட்டுரவா?"

அன்று திங்கட்கிழமை. நான் சொன்னேன்: "சீசன் நேரத்துல ஒர்க்ஷாப்ல பத்து நாள் போட்டுருவாங்க. இங்கனயே பிரிச்சிரலாம்."

அந்தப் பத்து நாள் நானாகச் சொன்னது. எந்த ஒர்க்ஷாப்பையும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு இன்ஜினையாவது முழுசாகப் பிரித்து மாட்ட வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டிருந்தது. உண்மை அவ்வளவுதான்.

இந்த வேலையை வீட்டில் செய்யலாமா என்று முடிவெடுக்க வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த கேள்விகள் உண்டு. போல்ட்டை அளவாக முறுக்க டார்க் ரெஞ்ச் இருக்கிறதா? காற்றடிக்க கம்ப்ரஸர் இருக்கிறதா? நான்கு பக்கமும் அடைத்த இடம் இருக்கிறதா? என்னிடம் டார்க் ரெஞ்ச் மட்டும் இருந்தது. அதை எடுத்துச் செல்வியிடம் காட்டினேன். மற்ற இரண்டையும் பற்றிப் பேசவில்லை.

பஸ்ஸில் போன ஹெட்

பிரித்துப் பார்த்ததில் ஹெட் லேசாக வளைந்திருந்தது. தென்காசியில் லேத்துக்குக் கொண்டுபோய் அடிப்பாகத்தை மட்டமாகச் சீவ வேண்டும். ஃபேசிங் என்பார்கள். ஆட்டோக்காரர்கள் எல்லாரும் அருவிப் பக்கம் போய்விட்டார்கள். ஹெட்டைச் சாக்கில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நானும் என் மனைவி காந்திமதியும் பஸ் ஏறினோம்.

கண்டக்டர் பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் சாக்கைத் தட்டிப் பார்த்தார். "ஆச்சி, உள்ள என்ன, சக்கப்பழமா?"

"இன்ஜின் ஹெட்டுப்பா. இவ்வொ ரிட்டயர் ஆன பெறவும் உத்தியோகம் பாக்குதாவ."

"அப்ப லக்கேஜ் டிக்கெட் போடணும்லா."

"ஹெட்டுக்குப் போடு. இவ்வொளுக்கும் லக்கேஜே போட்டுரு."

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

சாரல்

என் ஷெட்டுக்குக் கூரை உண்டு, சுவர் ஒரு பக்கம்தான். ஹெட் லேத்தில் இருந்த நாட்களில் சாரல் விடவில்லை. இங்கே அது மேலிருந்து விழுவதில்லை. காற்றோடு பக்கவாட்டில் வரும். பிளாக்கின் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அதை எடுத்தபோது ஈரம் தெரிந்தது. துணியால் பளபளவென்று துடைத்தேன். புது கேஸ்கட் வைத்து, சீவி வந்த ஹெட்டை அதன் மேல் ஏற்றி, வரிசைப்படி போல்ட்டுகளை முறுக்கினேன். டார்க் ரெஞ்ச் ஒவ்வொன்றுக்கும் அளவு எட்டியதும் அழகாக 'டிக்' என்றது.

சனிக்கிழமை காலை செல்வி ஓட்ட, புளியரை ஏற்றத்தில் சோதனை ஓட்டம். பாதி ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. திரும்பவும் ஆவி. திரும்பவும் கயிறு.

ஷெட்டில் வைத்து ஒரு போல்ட்டைக் கழற்றினேன். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே துடைத்தவன் போல்ட் ஓட்டைகளுக்குள் பார்க்கவில்லை. ஓட்டையின் அடியில் நீர் இருந்தால் போல்ட் அதை முட்டி நின்றுவிடும். ரெஞ்ச் இறுகிவிட்டதாகச் சொல்லும், ஹெட் சரியாக உட்கார்ந்திருக்காது. நல்லவேளை, அந்த நீரின் அழுத்தத்தில் பிளாக் வெடிக்கவில்லை. காற்றடித்து உலர்த்தாமல் போல்ட் போடாதே என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான்.

"செல்வி, ஒரு விஷயம். ஒர்க்ஷாப்ல பத்து நாள் ஆகும்னு சொன்னேன்லா, அது நான் யாரையும் கேட்டுச் சொல்லல."

"பெறவு ஏன் சார் அப்படிச் சொன்னிய?"

"எனக்குப் பிரிக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

"ஆசையா இருந்தா உங்க ஸ்கூட்டரப் பிரிச்சிருக்கலாம்லா."

உள்ளேயிருந்து காந்திமதி குரல் கொடுத்தாள். "அத எப்பவோ பிரிச்சாச்சுட்டி. ரெண்டு சாக்குல கெடக்குது."

செல்வி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டாள். அவள் முன்னாலேயே தென்காசி மைதீன் பாய் ஒர்க்ஷாப்புக்கு, ஸ்பீக்கரில் போட்டு, போன் செய்தேன்.

"கொண்டு வாங்க சார். திங்கக்கெழமயே இடம் காலியாத்தான் கெடந்துச்சு. இப்ப பிரிச்சாலும் நாளக்கி ராத்திரி ஆயிரும்."

செல்வி என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய் மதுரைக்குப் போன் செய்து, வண்டி ரெடியாகவில்லை என்று தானே சொன்னாள். பாயின் கூலி என் பொறுப்பு என்றேன். சரி என்றாள். மதுரைக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் வண்டியில் அருவிக்குப் போனது. அவர் நம்பரையும் வாங்கிக்கொண்டதாகக் கேள்வி. அடுத்த சீசனில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அந்தக் கணக்கை என்னால் நேர்செய்ய முடியாது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் செய்யலாமா என்று பார்க்கும்போது டூல்ஸை எண்ணுவதற்கு முன்னால், இந்த வேலை வண்டிக்கு வேண்டுமா, உனக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொள். உனக்குத்தான் என்றால், உன் சொந்த வண்டியாகப் பார்த்துப் பிரி.

பாய் வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டார். செல்வி என்னோடு பேச்சை விடவில்லை. தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறாள்.

"சார், ரேடியேட்டர்ல தண்ணி மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஸ்பேனர் எடுக்காண்டாம்."

மூடியைத் திறந்து பார்க்கிறேன். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குள் வருகிறேன்.