சிவப்பு நூல் கட்டிய தழை

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருட்டில் தனியாக வெளியே போகமாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். முள்ளுக்குறிச்சியிலிருந்து கொல்லிமலைக்குக் கழுதைமேல் உப்பு ஏற்றிப் போய் விற்று வருவேன். எங்கள் இருவரில் யாருக்குப் புத்தி அதிகம் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும், முதலில் கழுதைக்குத்தான் தண்ணீர் வைப்பார்கள்.

அன்று மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கங்காணி கூட வந்தான். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவன். அவன் பின்னால் பொன்னி என்ற பெண். அவள் தங்கை செல்லியைப் போன வருஷம் கூட்டிப் போனவனும் இவன்தான், அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. செல்லி சொகமாக இருக்கிறாள், அக்காவைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வந்தால் பார்க்கலாம் என்று இப்போது அவன் சொல்ல, பொன்னி கிளம்பிவிட்டாள். அடிவாரத்தில் காரவள்ளியில் லாரி நிற்கிறதாம். சொகமாக இருப்பவள் பொங்கலுக்குக்கூட வரவில்லையே என்று கேட்டேன். அவன் முறைத்த முறைப்பில் நான் கழுதையின் காதைத் தடவ ஆரம்பித்தேன்.

பாதி வழியில் ஒரு பாறை உண்டு. மலையை விட்டுப் போகிறவர்கள் அதன் இடுக்கில் ஒரு தழைக்கொத்தைச் செருகுவார்கள், திரும்பி வந்தால் அவரவர் கொத்தை எடுத்துவிட வேண்டும். பொன்னி பச்சைத் தழை செருகினாள். பக்கத்திலேயே செல்லியின் கொத்து, அக்கா கட்டிக்கொடுத்த சிவப்பு நூலோடு, காய்ந்து கிடந்தது.

கழுதை சட்டென்று நின்றுவிட்டது. பாதையைப் பனிமூட்டம் மூடியது. கீழேயிருந்து முக்காடு போட்ட ஒரு பெண் ஏறி வந்தாள். நம்பினால் நம்புங்கள், மழையே இல்லாத நாளில் அவள் சேலையில் தண்ணீர் சொட்டியது, காலடிச் சத்தம் இல்லை. கழுதை ஒதுங்கி வழிவிட்டது. நானும் விட்டேன், கழுதைக்குப் பின்னால் நின்று. அவள் குனிந்து பாறையிலிருந்து ஒரு கொத்தை உருவினாள்.

"அக்கா, அங்க வராத. ஊட்டுக்குப் போ."

சொல்லிவிட்டு மேலே நடந்தாள்.

"செல்லி, நில்லு சாமி" என்று பொன்னி பின்னாலேயே ஓடினாள்.

கங்காணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவ எப்படி இங்க..." என்றவன் பாதியில் வாயை மூடிக்கொண்டான். குடையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடியவன் அப்புறம் மலைப்பக்கம் வரவே இல்லை.

வீடுவரை ஓடியும் பொன்னியால் அவளைப் பிடிக்க முடியவில்லை. வாசலில் ஈரம் மட்டும் இருந்ததாம். அதன்பிறகு ஆள் கேட்டு எவன் வந்தாலும் பொன்னி முன்னால் போய் நிற்பாள்.

"முன்ன போனவங்கள்ல ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. அப்பறம் பேசலாங்க."

எவனும் கூட்டி வந்ததில்லை.

மறுவாரம் ஏறியபோது பாறையைப் பார்த்தேன். சிவப்பு நூல் கட்டிய காய்ந்த கொத்து அப்படியே இருந்தது. காணாமல் போயிருந்தது பொன்னியின் பச்சைத் தழை. செல்லி தன்னுடையதை எடுக்கவில்லை.

அந்தக் கழுதை செத்து இப்போது வேறு கழுதை வைத்திருக்கிறேன். அந்தப் பாறை வந்தால் இதுவும் ஓரமாக ஒதுங்கி, யாரோ ஏறிப் போகும்வரை காத்து நிற்கிறது.