பேராக்கில் ஒரு பின்னோடி

யாரும் கேள்விப்படாத பொருளை, யாரும் தேடாத ஊரில், "தலைவலி வந்த பிறகுதான் இதன் அருமை தெரியும்" என்று சொல்லி விற்பது என் தொழில். உங்களில் இன்சூரன்ஸ் விற்றவர்கள் இருப்பீர்கள், வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர்கள் இருப்பீர்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

நானும் நண்பன் முரளியும் கோயம்புத்தூரில் ஒரு கருவி செய்தோம். பெயர் பின்னோடி. கணினி நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனால், அதை வந்த வழியே பின்னால் ஓட்டி, எங்கே பிசகியது என்று காட்டும். மலேசியாவில் கோலாலம்பூர் என்றால் போட்டி அதிகம், பேராக் மாநிலத்து ஈப்போவில் போட்டியே கிடையாது என்று முரளி என்னை விமானம் ஏற்றிவிட்டான். போட்டி இல்லைதான். வாங்கவும் ஆளில்லை. என் விசா முடிவதற்குள் ஒரே ஒரு கம்பெனியாவது இதை வைத்து நிஜமாகவே வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கடையைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு வேலை தேடிக்கொள்வது என்று முடிவு. வருடக்கணக்கான உழைப்புங்க. எனக்குப் பாதித் தூக்கம்தான் வரும்.

பிழை விடாத பிள்ளைகள்

முதலில் போனது ஈப்போ பழைய நகரத்தில், ஒரு காப்பிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்பெனிக்கு. முதலாளி சிவநேசன் ஐயா யாழ்ப்பாண வம்சாவளி, அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலைகள் இடுப்புவரை பனிக்குள் நின்றன. கீழேயிருந்து காப்பி வாசம் ஏறிவந்தது. நான் மாதிரிக்கு ஒரு நிரலை நிறுத்திப் பின்னால் ஓட்டினேன். எண்கள் குறைந்து குறைந்து கடைசியில் வெறும் திரை. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொருக்கா ஓட்டு பிள்ளை" என்றார். ஓட்டினேன். மறுபடியும் கேட்டார். அந்த அறை, பனி, மலை எல்லாமே மெல்லப் பின்னால் நகர்வதுபோல் எனக்குக் கிறக்கமாகிவிட்டது.

எப்படியோ சுதாரித்துக்கொண்டு, "எப்பங்க ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டேன். அவர் அடுத்த அறையில் தட்டிக்கொண்டிருந்த தன் நிரலாளர்களை வாஞ்சையோடு பார்த்தார்.

"வடிவான சாமான்தான். ஆனா எங்கட பிள்ளையள் பிழை விடுறேல்ல, பிள்ளை."

கமுந்திங் விருந்து

அடுத்தது கமுந்திங்கில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே கணினிப் பிரிவு என்றால் டேனியல் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர், குரலே பாட்டு மாதிரி இருக்கும். அவரும் மேனேஜரும் கருவியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு என்னை அழைத்துப்போய் மீ கோரெங் என்று காரமாகப் பிரட்டிய நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கனவு. கமுந்திங்கில் ஒரு கிளை, வாசலில் பெயர்ப்பலகை, பக்கத்துத் தைப்பிங்கின் பேர்போன மழையை வேடிக்கை பார்க்க வசதியாகச் சன்னலோரம் என் மேசை. அன்றே முரளிக்குப் போன் போட்டு, "கிடைச்சாச்சு" என்றேன். அந்த மடையன் பக்கத்து வீட்டுக்கெல்லாம் லட்டு கொடுத்துவிட்டான்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நேரிலேயே போனேன். இந்தத் தடவை ஐஸ் கச்சாங், அதாவது சீவிய ஐஸில் பாகு ஊற்றியது, வாங்கிக் கொடுத்தார்கள். மேனேஜர் எழுந்துபோன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "வேணுமா வேண்டாமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன்" என்று டேனியலிடம் பொரிந்தேன். அவர் பாவம், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இங்க வேணாம்னு யாரும் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்கக்கா, சாப்பாடு வாங்கிக் குடுத்துருவாங்க, லா."

மழையில் நின்ற தராசு

தெலுக் இந்தான் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழத்தைச் சேகரிக்கும் ஒரு நிலையம். ஒரு காலத்தில் அங்கெல்லாம் ரப்பர்த் தோட்டமாம். இப்போது போகிற வழியெங்கும் செம்பனை, ஒரே மாதிரி, ஒரே இருட்டுப் பச்சை. கார் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. நிலையத்தில் பழ லோரிகளை நிறுக்கும் தராசுக்கு நிரல் எழுதியவள் தேவகி. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஈப்போவில் படித்துவிட்டு வந்தவள். மழை பிடித்தால் போதும், நிரல் நின்றுவிடும், லோரிகள் வரிசைகட்டிவிடும், டிரைவர்கள் ஆரன் அடித்தே கொல்வார்கள்.

நான் போன அன்றும் மழை. நிரல் நின்றது. பின்னோடியைப் போட்டேன். எடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எனக்கென்னவோ லோரிகள் பின்னாலேயே உருண்டு தோட்டத்துக்குள் போவதுபோலவும், குலைகள் எழும்பி மரத்தில் ஒட்டிக்கொள்வதுபோலவும், மழைகூட மேலே திரும்பிப் போவதுபோலவும் இருந்தது. அந்தச் சொப்பனத்திலேயே இருந்திருப்பேன், கருவி ஓரிடத்தில் நின்றது. மின்சாரம் ஒரு கணம் போய் வரும்போது தராசு எடையே இல்லாத வெற்றுத் தகவல் ஒன்றை அனுப்புகிறது, நிரல் அதை வாங்கிக்கொண்டு திகைத்து நின்றுவிடுகிறது. தேவகி உதட்டைக் கடித்தபடி பார்த்தாள். ஆகா என்றில்லை, நன்றி என்றில்லை. எனக்குக் கோபமாகவே வந்தது.

"கருவிய இதுலயே போட்டுட்டுப் போங்கக்கா, அப்பறம் பாக்கலாம், வெளிய லோரி நிக்குது."

ஏச்சு

அதன்பிறகு எங்கிருந்தும் தகவல் இல்லை. விசா முடியும் வாரம் வந்தது. முரளி டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டான், கூடவே "போதும், வந்துரு" என்று ஒரு வரி. பெட்டியைத் திறந்துவைத்து, துணியை மடிக்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகைதான் வந்தது, மறைப்பானேன்.

போன் அடித்தது. தேவகி. ஹலோகூடச் சொல்லவில்லை. "என்னாக்கா கருவி செஞ்சிருக்கீங்க? காலையிலேர்ந்து ஓடுனத பின்னால ஓட்டுனா பாதியில தொங்கிக்கிட்டு நிக்குது. பெரிய ஆளுங்கன்னு நெனச்சேன். இதக்கூட சோதிச்சுப் பாக்க மாட்டீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள். பின்னணியில் ஆரன் சத்தம் வேறு. நான் மெல்ல, "தினமும் ஓட்டறீங்களா?" என்று கேட்டேன். "பின்ன? நீங்க போன நாள்லேர்ந்து இதானே? இது இல்லாம நான் எப்படி வேல பாக்கறது?" என்றாள். துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தேன், சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டும்வரை சிரித்தேன்.

"நான் இங்க ஏசிக்கிட்டு இருக்கேன், நீங்க என்னாக்கா சிரிக்கிறீங்க?"

டிக்கெட் ரத்து, விசாவுக்கு மனு, தொங்குவதைச் சரிசெய்ய முரளிக்குச் சிவராத்திரி என்று ஆனது போங்கள், இத்தனை நாள் பாராட்டுக்கு நாயாய் அலைந்தவள் கடைசியில் ஒரு நல்ல ஏச்சு வாங்கித்தான் பிழைத்தேன்.