அலுமாரிக்கு மேலிருந்த பாய்

எட்டு வயதில் நான் ஒருத்தியை மனதார வெறுத்தேன். அவளுடைய முகத்தை நான் கண்டதில்லை. பெயரும் தெரியாது. அம்மா அவளை "அந்தப் பிள்ளை" என்றுதான் சொல்வாள். வெறுக்க அது போதும். எங்கள் வீட்டில் பிள்ளை என்றால் நான் ஒருத்திதான்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. நாங்கள் வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. அம்மா கல்யாணத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை அறையில் தாதியாக இருந்தவள். கொட்டாஞ்சேனையில் எங்கள் சபையின் மருந்துச்சாலையை ஒரு வெள்ளைக்கார லேடி டொக்டர் நடத்தினார். மிசியம்மா என்போம். அவர் வருடத்துக்கு ஒருமுறை இந்தியாவுக்குப் போய், மதுரைக்குத் தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், தங்கிப் பெண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்வார். தமிழ் தெரிந்த தாதி வேண்டுமென்று அம்மாவைக் கேட்டார். சம்பளம் இல்லை, கர்த்தருடைய வேலை என்றார்கள். கர்த்தருக்கு என் அம்மாவை விட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லை.

முதல்முறை அவள் போயிருந்தபோது எனக்குச் சின்னமுத்து வந்து காய்ச்சலில் கிடந்தேன். அப்பாவின் தமக்கை, என் மாமி, என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், கஞ்சியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அம்மா திரும்பி வந்து சொன்ன கதையோ வேறு. அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயதாம். அம்மா பதினான்கு நாள் அவளுடைய கட்டிலடியில் இருந்து அரைமணிக்கொருக்கால் தண்ணீர் பருக்கினாளாம். தலை வாரிப் பின்னிவிட்டாளாம். எனக்கு மாமிதான் பின்னுவாள், கண் பிதுங்கப் பின்னுவாள்.

சுகப்பட்டு எழும்பியதும் அந்தப் பிள்ளை தன் கையால் ஒரு பனையோலைப் பாய் இழைத்து, ஓரிரவு அதில் படுத்தெழும்பிவிட்டு, காலையில் அம்மாவிடம் கொடுத்தாளாம். பாவித்த பாயைப் பரிசாகக் கொடுக்கிற மரியாதை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அதைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தாள். தொடக்கூடாது என்றாள். அவளுடைய கூறைச்சேலையைக்கூட நான் தொட்டிருக்கிறேன்.

அடுத்த வருடமும் பயணம் வந்தது. சபைப் பெண்கள் பழைய நூல் சேலைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அம்மா அவற்றை அவித்து, காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து ட்ரங்குப் பெட்டியில் அடுக்கினாள். என்ன நோய் வருத்தத்துக்கு இவ்வளவு துணி என்று கேட்டேன். பெரியாக்களின் கதை என்று வாயை அடைத்தார்கள்.

அம்மாவை நிறுத்த வழியைக் காட்டித் தந்தது மாமிதான். பாயை நனைக்கிற வயதென்றால் நான் இவளைப் பொறுப்பெடுக்கமாட்டேன், இவள் வளர்ந்துவிட்டாள், நீர் பயப்படாமல் போய்ட்டு வாரும் என்று அம்மாவிடம் சொன்னாள். எனக்குக் கேட்கத்தான் சொன்னாளோ என்று தோன்றுமளவுக்குத் தெளிவாகச் சொன்னாள்.

அன்றைக்கே கூஜாத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுப் படுத்தேன். விடிய, பாய் நனைந்திருந்தது. மறுநாளும் நனைத்தேன். மூன்றாம் நாளும் நனைத்தேன். மாமி என் பாயை ஒழுங்கையில் போகிற வருகிறவர்கள் காண முன்மதிலில் விரித்தாள்.

"எட்டு வயசுக் குமருக்குப் பாயைக் கழுவ எனக்கு ஏலாது," என்றாள். "வீட்டுக்குள்ளை படுக்க வேண்டாம், நாறுது."

குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் என்னைப் படுக்கச் சொன்னாள். அம்மாவோ, ஏக்கத்தில் பிள்ளைகள் இப்படிச் செய்வதுண்டு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் பிடிக்காது.

ஆகவே பயணத்துக்கு முந்தின இரவு, கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த பாயை எடுத்துப்போய் விறகுக்குப் பக்கத்தில் விரித்தேன். அதையும் நனைத்தேன். நித்திரையில் அல்ல. முழித்திருந்து நனைத்தேன்.

காலையில் அம்மா வந்து பாயைப் பார்த்தாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் குந்தியிருந்து என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"வேணுமெண்டு செய்யிறியோ, தானா வருதோ?"

"தானா வருது," என்றேன். அவள் முகம் மாறியதைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம் என்று தோன்றியது. "பகலிலையும் வருது. ஒழுகிக்கொண்டே இருக்கு."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு எழும்பிப்போய், பூட்டியிருந்த ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, தன் சேலைகளை வெளியே எடுத்து வைத்தாள். தான் போகவில்லை என்று அப்பாவிடம் சொன்னாள். அங்கே பெண்கள் மைல்கணக்கில் நடந்து வந்து காத்துக் கிடப்பார்களே என்று அப்பா கேட்டார். கிடக்கட்டும் என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பாயைக் கழுவிக் கொடியில் போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டாள்.

மிசியம்மா என்னை அதிகம் சோதிக்கவில்லை. மூன்று கிளாஸ் தண்ணீர் குடிக்க வைத்தார். பளபளத்த ஒரு கதிரையில் வெள்ளைத் துணியை விரித்து, இருக்கச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். சுவர்மணிக்கூடு ஓடியது. எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரியின் கதிரையை நனைக்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? காலைக் காலோடு பின்னிக்கொண்டு இருந்தேன். கடைசியில் அழுதுகொண்டே கக்கூஸ் எங்கே என்று கேட்டேன்.

திரும்பி வரும்போது மிசியம்மா அந்தத் துணியை அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா அதை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். பிறகு முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"நிப்பாட்ட ஏலுது உனக்கு," என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். "பிள்ளை, உனக்கு நிப்பாட்ட ஏலுது."

ஒரு அடிகூட இல்லை. அன்று பின்னேரமே தலைமன்னார் ரயிலில் ஏறிவிட்டாள். பயணம் தவறாத சந்தோஷத்தில்தான் அழுதாள் என்று நினைத்தேன். இருபது வருடத்துக்குக் கிட்ட அப்படித்தான் நினைத்தேன். மன்னிக்கவும் இல்லை.

என் முதற்பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா சொன்னாள். மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்த அந்தப் பெண்கள் வயிற்றுப்பிள்ளை வெளியே வர வழியில்லாமல் நாலைந்து நாள் நோவில் கிடந்தவர்களாம். பிள்ளை செத்துத்தான் பிறக்கும். உள்ளே புண்ணாகி ஓட்டை விழுந்த இடத்தால் மூத்திரம் ஓயாமல் ஒழுகும். புருஷன் விட்டுவிட்டுப் போவான். நாறுகிறாள் என்று வீட்டார் மாட்டுக்கொட்டிலில் படுக்க வைப்பார்கள். அந்தப் பிள்ளை இரண்டு வருடம் அப்படிப் படுத்தவள். பாயைக் கொண்டுவந்து அம்மாவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாளாம்.

"தொட்டுப் பாருங்கக்கா. விடிஞ்சிருச்சு, காஞ்சே கெடக்கு."

அதைத்தான் நான் நனைத்தேன். அவளுக்குப் பக்கத்தில் பதினான்கு நாள் இருந்த அம்மாவை நினைத்தால் இன்றும் எனக்குப் பொறாமை வருகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருகிறது.

அன்று அம்மாவை ஏற்றிவிட்டு அப்பாவும் நானும் கோட்டை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, பாய் கொடியில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை. ஒரு பகல் வெயிலில் காய்ந்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.