அம்மாளும் அரைக் குளிசையும்

எங்கள் கண்டாவளைப் பக்கத்தில் விதைநெல் வயலுக்குக் கலவன் பிடுங்க ஆள் தேடுகிறவர்கள் முதலில் எங்கள் வாசல் படலைக்குத்தான் வருவார்கள். கலவன் என்றால் விதைத்த இனத்தோடு கலந்து முளைத்த வேறு நெல். ஒரே பச்சைக்குள் ஒளிந்து நிற்கும். நாலு கதிர் தப்பினாலும் விதை தரமில்லை என்று தள்ளிவிடுவார்கள். என் மனைவி ஜெகதீஸ்வரி வரம்பில் நின்றபடியே, "அந்தா, வாய்க்கால் பக்கம் ரெண்டு நிக்குது" என்பாள். நான் முப்பது வருடமாக வயலில் கமம் செய்கிறவன், கமக்காரர் அமைப்பில் செயலாளர் வேறு. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாலும் எனக்குத் தெரியாது. "இவருக்குக் கண் அழகுக்குத்தான் இருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் கால் பெருவிரல் வீங்கும் வருத்தம். இரத்தத்தில் யூரிக் அசிட் கூட என்று கிளினிக்கில் மாதாமாதம் குளிசை தருவார்கள். போன வருடம் மாசியில் அவளுக்கு முழங்கால் நோவு தொடங்கியது. கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். "வயலில அரிவி வெட்டு முடியட்டும்" என்றாள்.

"அப்ப என்ரை குளிசையில பாதியைப் போடும். மூட்டுத்தானே, உமக்கும் எனக்கும் ஒண்டுதான்" என்றேன்.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஒரு பாணை இரண்டாகப் பிய்த்துத் தின்றவர்கள் நாங்கள். குளிசையையும் அப்படித்தான் உடைத்துக் கொடுத்தேன். அன்பு என்று நினைத்தேன். விசர் பிடித்த அன்பு.

மூன்றாம் கிழமை அவளுக்கு மேலெல்லாம் அரித்துக் கடிக்கத் தொடங்கியது.

"இஞ்சருங்கோ, உந்தக் குளிசை போட்ட பிறகுதான் கடிக்குது போல."

"பத்து வருசமா நான் போடுறன், எனக்கு ஒண்டும் செய்யேல்லையே? நேற்றுக் கத்தரிக்காய் சாப்பிட்டனீர். அது கிரந்திச் சாமான், கடிக்காமல் என்ன செய்யும்?"

வாய்க்கு வாய் கதைக்கிறவள், அன்றைக்கு நான் நீட்டிய பாதியை வாங்கி விழுங்கிவிட்டாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது. முகத்திலும் நெஞ்சிலும் கொப்புளம் கிளம்பியது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாக்கா படலையில் நின்றே எட்டிப் பார்த்துவிட்டு, "உது அம்மாள். வெயில் காலந்தானே" என்று தீர்ப்புச் சொன்னா. கொப்புளிப்பானை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்போம். அவா வந்த வீட்டில் மருந்து கொடுக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்கும் போகக்கூடாது.

வெள்ளை வேட்டி விரித்து வேப்பிலை பரப்பிக் கிடத்தினேன். குசினியில் தாளிப்பதை நிறுத்தினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். அவள் "மேல் உளையுது, நோகுது" என்று முனகினாள். அம்மாளுக்குத்தானே மருந்து கூடாது, உளைவுக்குக் கொடுத்தால் அம்மாள் கோபிக்கமாட்டா என்று எனக்கு நானே சட்டம் எழுதிக்கொண்டேன். செயலாளர் அல்லவா! அரைக் குளிசையை முழுதாக்கினேன். வாய் புண்ணாகி அவளால் விழுங்க முடியாமல் போனபோது, இடித்து இளநீரில் கரைத்துக் கரண்டியால் பருக்கினேன்.

அதோடு அவளுக்குப் பேச்சும் வரவில்லை. கையைத் தூக்கி என் சேட்டுப் பொக்கற்றைத் தொட்டாள். அதற்குள் கடதாசியில் மடித்த கோயில் திருநீறு இருந்தது. குளிசைப் பொட்டலமும் அங்கேதான் இருந்தது. திருநீறு கேட்கிறாள் என்று நெற்றியில் பூசினேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி தொட்டாள். இன்னும் கொஞ்சம் பூசினேன். மூன்று நாள் இப்படிப் போனது.

நாலாம் நாள் காலை வேப்பிலை மாற்றுவதற்காக அவள் முதுகைத் தூக்கினேன். இலையோடு தோலும் வந்தது. சுடுநீரில் போட்ட தக்காளியின் தோல் வருவது போல வந்தது. நான் குழறினேன். "அம்மாளைக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதை, சிற்றம்பலம்!" என்று தங்கம்மாக்கா கத்தக் கத்த ஓட்டோ பிடித்தேன்.

"என்ன மருந்து குடுத்தனீங்கள்?" என்று பெரியாஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்.

"ஒரு மருந்தும் குடுக்கேல்லை, டொக்டர். அம்மாள் எண்டபடியால்" என்றேன். அதைப் பெருமையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

கட்டிலில் கிடந்தவள் கையைத் தூக்கி என் பொக்கற்றைத் தொட்டாள். பக்கத்தில் நின்ற தாதிப் பிள்ளை அந்தக் கையைக் கவனித்துவிட்டாள்.

"ஐயா, அதுக்குள்ள என்ன?"

"திருநீறு, பிள்ளை."

"மற்றது?"

"அது என்ரை மூட்டுக் குளிசை."

"அம்மாவுக்கும் குடுத்தனீங்களோ?"

"ஓம். இண்டைக்குக் காலமையும்."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இது அம்மாள் இல்லை, நூறு பேருக்கு ஒத்துவரும் குளிசை யாரோ ஒருவருக்கு இப்படித் தோலை எரித்துவிடும், முதல் கடி கடித்தபோதே நிறுத்தியிருக்கவேண்டும் என்று ஆறுதலாகத்தான் சொன்னார்.

உயிர் தப்பியது. தோல் வளர்ந்தது. கண் வரவில்லை. உள்ளே தழும்பு விழுந்துவிட்டதாம். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. அந்தக் குளிசையின் பெயரைச் சிவப்பு மையால் எழுதி, எங்கு போனாலும் காட்டச் சொல்லி ஒரு அட்டை தந்தார்கள். அவளால் அதை வாசிக்க முடியாது. நான்தான் கொண்டு திரிகிறேன், அதே பொக்கற்றில். அம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால்தான் அவா கண்ணைப் பறித்தா என்று தங்கம்மாக்கா இன்னும் சொல்கிறா. சில நாட்களில் அதையே நம்பிவிடலாமா என்று எனக்கும் ஆசை வரும்.

இந்தத் தை மாதம் விவரம் தெரியாத ஒருவர் கலவன் பிடுங்க அவளைக் கேட்டு வந்தார். படலையிலேயே சொல்லித் திருப்பி அனுப்பினேன். கதிரையில் இருந்தவளுக்கு அது கேட்டுவிட்டது. பின்னேரம் வயலுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். வரம்பில் என் கையைப் பிடித்தபடி காற்றில் நெல் அசையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ, அண்டைக்கு நான் திருநீறு கேட்கேல்லை."

"தெரியும்."

"ரெண்டே ரெண்டு பொட்டலம். அதுக்குள்ளயும் உங்களுக்குக் கலவன் தெரியேல்லை."