ரெண்டு பிரசவம்னு காட்டிய ஃபோன்

திருமானூர் பக்கம் கரும்பு வெட்டும்போது என் கணவர் காலில் அரிவாள் பட்டுவிட்டது. இரண்டே நாளில் கால் வீங்கி, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்துவிட்டார். பதறிப்போய் அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன்.

"எந்த ஊசியாவது ஒத்துக்காதா?" என்று நர்ஸ் கேட்டார்.

முன்பொரு தடவை ஏதோ ஊசி போட்டு இவருக்கு முகமெல்லாம் வீங்கியிருக்கிறது. மருந்தின் பெயர் எனக்கு நினைவில்லை. வீட்டில் எல்லோருடைய மருத்துவ விவரங்களையும் ஃபோனில் ஒரு செயலியில் ஏற்றி வைத்திருந்தேன். "எல்லாம் இதுல இருக்குங்க" என்று நீட்டினேன்.

"ஒவ்வாமை எதுவும் இல்லைன்னுதான் போட்டிருக்கு" என்றபடி நர்ஸ் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இருக்கணுமேங்க. இன்னொரு தடவை பாருங்களேன்."

திரையைத் தள்ளிப் பார்த்த நர்ஸ் நிமிர்ந்தார். "அக்கா, இதுல ரெண்டு பிரசவம்னு இருக்கு. இது உங்களோடது."

எப்போது திறந்தாலும் அந்தச் செயலி என் பக்கத்தைத்தான் முதலில் காட்டும். பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததால் நான் கவனிக்கவில்லை. ஃபோனை வாங்கி கணவரின் பக்கத்துக்கு மாற்றிக் காட்டினேன். அங்கே இருந்த மருந்தின் பெயரைப் படித்த நர்ஸ், சிரிஞ்சில் இருப்பதும் அதேதான் என்றார்.

வேறு ஊசி போட்டார்கள். நான்காம் நாள் நடந்தே வீட்டுக்குள் வந்தார்.

இப்போது ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் முகப்படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். இவருக்கு ஆகாத மருந்தின் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதை வாயால் சொல்கிறேன், பிறகுதான் ஃபோனை எடுக்கிறேன்.

- ஒரு வாசகி, திருமானூர்